மலாயாவில் இடம் கிடைத்தாயிற்று, அறை எங்கே எடுப்பது?

கோலாலம்பூரில் இருக்கும் மலாயா பல்கலைக்கழகத்துக்கு வரப்போகும் தமிழ்நாட்டு, இலங்கைப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துவிட்டால் சாப்பாட்டுக் கவலை இல்லையாமே?" கவலை இல்லைதான், தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதி அது. அதற்காக அங்கேயே எடுக்க வேண்டுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

சுற்றிச் சுற்றி நாலு வழிகள் இருக்கின்றன. பிரிக்ஃபீல்ட்ஸ் ஒன்று. வளாகத்துக்குள்ளேயே இருக்கும் விடுதி இரண்டாவது. இங்கே அதைக் கோலேஜ் என்பார்கள். வளாகத்தை ஒட்டிய பெட்டாலிங் ஜெயா நகரின் 17ஆம் செக்‌ஷனில் ஒரு வீட்டில் அறை, அல்லது கெரிஞ்சி, பந்தாய் டாலாம் பக்கம் அடுக்குமாடி கொண்டோ.

எல்லோருடைய கண்ணும் பிரிக்ஃபீல்ட்ஸ் மேல்தான், அதனால் அதிலிருந்தே தொடங்கலாம். கேஎல் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பகுதி. 2010 அக்டோபரில் அன்றைய மலேசியப் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வந்து லிட்டில் இந்தியா என்று திறந்துவைத்தார்கள், ஜாலான் துன் சம்பந்தன் தெருவில் வளைவும் வண்ணமும் வந்தன. ரயில்வே வேலைக்கு வந்த தமிழர்கள் அதற்கு நூறாண்டு முன்பே அங்கே குடியிருந்தார்கள் என்பது வேறு விஷயம். வாழை இலைச் சாப்பாடு, பூக்கடை, மளிகை, முடிதிருத்தகம், தையல்காரர் என்று எல்லாக் காரியமும் தமிழிலேயே முடிந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஸ்காட் சாலைப் பக்கம் கந்தசுவாமி கோயில் இருக்கிறது. ஊரில் பரதமோ வீணையோ பாதியில் விட்டு வந்திருந்தால் ஜாலான் பெர்ஹாலாவில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். பத்துமலைக்கு கேடிஎம் கொமுட்டர் ரயில் நேராகவே போகிறது. தைப்பூசத்தன்று அந்த ரயிலில் ஏற முடிந்தால் அதிர்ஷ்டம்.

சரி, வகுப்புக்கு எப்படிப் போவது? கேஎல் சென்ட்ரலில் கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டி நகர ரயிலில் ஏறினால் பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி, அப்புறம் யுனிவர்சிட்டி. நாலே நிறுத்தம். வரைபடத்தில் பார்த்தால் பக்கத்துத் தெரு மாதிரி தெரியும். ஆனால் நிலையம் இருப்பது வளாகத்துக்கு வெளியே, கூட்டரசு நெடுஞ்சாலை ஓரத்தில். உங்கள் துறை உள்ளே எங்கோ ஒரு மேட்டில் இருக்கும். நடுவில் ஃபீடர் பேருந்துக்கு நிற்க வேண்டும்.

அந்த நிற்றலோடு மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை கொட்டும், சரியாக வகுப்பு விடும் நேரம் பார்த்து. குடையெல்லாம் பெயருக்குத்தான். அந்நேரம் கிராப் செயலியில் வாடகை வண்டி கூப்பிட்டால் கட்டணம் ஏறியிருக்கும், அதுவும் வராது. உள்ளூர் நண்பர்கள் மாதம் 50 ரிங்கிட்டுக்கு மை50 பாஸ் வாங்கி ரயிலிலும் பேருந்திலும் இஷ்டம்போலச் சுற்றுவார்கள். அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். உங்களுக்கு ஏறும்போதெல்லாம் டச் அண்ட் கோ அட்டையில் காசு குறையும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இன்னொரு வலையும் உண்டு. கடைக்கார அண்ணன் நாலு நாள் பழகியதும், "சாயங்காலம் சும்மாதானே தம்பி இருக்கே, வந்து கல்லாவைப் பாரேன்" என்பார். நல்ல மனதோடுதான் கேட்பார். ஆனால் மாணவர் பாஸில், அதாவது படிப்பு விசாவில், இருப்பவர் ஏழு நாளுக்கு மேற்பட்ட பருவ விடுமுறையில் மட்டுமே, குடிநுழைவுத் துறையின் அனுமதி வாங்கி, வாரம் 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம். பருவம் நடக்கும்போது கல்லாவில் உட்கார்ந்து பிடிபட்டால் அண்ணனுக்கும் சிக்கல், உங்கள் படிப்புக்கும் சிக்கல்.

விடுதிக்கு வருவோம். முதல் பருவத்துக்கு இதைத்தான் சொல்வேன், சொகுசுக்காக அல்ல. வந்து இறங்கிய ஏழு நாளுக்குள் மாணவர் விசாவைக் கவனிக்கும் இஎம்ஜிஎஸ் அமைப்பின் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் உடல் பரிசோதனை முடிக்க வேண்டும், பாஸ் வேலை நடக்க வேண்டும், வங்கிக் கணக்கு, சிம் கார்டு, பதிவு என்று இழுத்துக்கொண்டே போகும். அந்தக் கூத்தில் வீட்டுக்காரர், வைப்புத்தொகை, மின்கட்டணம் எதுவும் இல்லாமல், படிவத்தில் எழுத ஒரு முகவரியோடு இருப்பது பெரிய நிம்மதி. வகுப்புக்கு நடந்தோ வளாகப் பேருந்திலோ போய்விடலாம்.

விடுதியின் குறை அடுப்பு. அறையில் சமைக்க விடுதிகள் பொதுவாக விடுவதில்லை. கேன்டீனில் நாசி சம்பூர்: சோற்றைப் போட்டுக்கொண்டு நீங்களே கறி, காய் எடுத்து வைத்தால், கல்லாவில் இருப்பவர் தட்டைக் கண்ணால் பார்த்தே விலை சொல்வார். அசைவக்காரர்களுக்கு இது கொண்டாட்டம். சுத்த சைவம் என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். கீரை பிரட்டல்தானே என்று எடுத்தால் அதில் பெலாச்சான் இருக்கும், அதாவது இறால் விழுது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் சம்பலில் நெத்திலி கிடக்கும். சீனர் நடத்தும் சைவக் கடைகள் நம்பகமானவை, அங்கே கோழி மாதிரி, மீன் மாதிரி செய்து வைத்திருப்பதெல்லாம் சோயாவும் மாவும்தான். இன்னொன்று, பருவ விடுமுறையில் அறையைக் காலி செய்யச் சொல்வார்களா என்று சேரும்போதே கேட்டு வையுங்கள். பக்கத்து அறைக்காரர் சொந்த ஊரான ஈப்போவுக்குப் போய்விடுவார், நீங்கள் மதுரைக்குப் போக முடியாது.

17ஆம் செக்‌ஷன் எனக்குப் பிடித்த இடம். வரிசை வீடுகள், மரநிழல், வளாகத்துக்கு அடுத்த வேலி. கூடவே ஒரு சமையலறை கிடைக்கும். விளம்பரத்தில் "லைட் குக்கிங்" என்று போட்டிருந்தால் அது மேகியும் முட்டையும்தான். கடுகு தாளிக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே அறை விளம்பரங்களில் எந்த இனத்தவருக்கு என்று வெளிப்படையாகப் போடுவதும், தொலைபேசியில் முதல் கேள்வியாக இனத்தைக் கேட்பதும் நடக்கும். குழம்பு வாசனை என்று காரணம் சொல்வார்கள். வாதாடி அறை கிடைக்காது. படிப்பு முடித்துப் போகும் முதுகலை மாணவரிடமிருந்து அறையைக் கைமாற்றி வாங்குவதுதான் சுலபம். வீட்டுக்காரருக்கும் தெரிந்த ஆள் சொன்ன ஆளாகிவிடுவீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் இந்தத் தலைவலி குறைவு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரவுச் சாப்பாடு? 17இல் இருந்தாலும் நடந்தோ மோட்டார் சைக்கிளிலோ போகிற தூரத்தில் ஒரு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, இருக்கும், நடுநிசியிலும் திறந்திருக்கும். "அண்ணே, ரெண்டு சானாய், ஒரு தே ஓ கோசோங்" என்று ரொட்டியும் சர்க்கரையில்லாத கட்டன் டீயும் கேட்டால் ராமநாதபுரத்துத் தமிழில் பதில் வரலாம். கோசோங் சொல்ல மறந்தால் சர்க்கரைப் பாகுதான் வரும். தமிழ் மளிகை, பூ, முருங்கைக்கீரைக்கு வாரத்தில் ஒரு நாள் பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வந்தால் போதும். சாப்பாட்டுக்காகவே அங்கே குடியேறுவது என் கணக்கில் அதிகப்படி. சுத்த சைவக்காரர்களும், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வளாகம் போகும் ஆராய்ச்சி மாணவர்களும் இதற்கு விலக்கு. அவர்களுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் தாராளமாகச் சரி.

கொண்டோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீச்சல்குளம், காவலர், நாலு பேர் பங்கு போட்டால் கட்டுப்படியாகும் வாடகை. கூடத்தைப் பலகையால் தடுத்த பார்ட்டிஷன் அறையை மட்டும் ஜன்னல் இருக்கிறதா என்று பார்க்காமல் எடுக்காதீர்கள்.

விடுதி தவிர மற்ற மூன்றிலும் பணக்கணக்கு ஒன்றுதான். வழக்கமான முறையில் இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, அரை மாதம் தண்ணீர், மின்சாரத்துக்கு, முதல் மாத வாடகை முன்பணம். 700 ரிங்கிட் அறை என்றால் சாவி கைக்கு வரும்முன் 2,450 ரிங்கிட். தனி அறைக்குச் சிலர் ஒரு மாத வைப்போடு விடுவார்கள், கேட்டுப் பாருங்கள். ஏர்கானுக்குத் தனி மீட்டர் வைத்துத் தனியாக வசூலிக்கிறார்களா என்றும் கேளுங்கள். வீட்டு வாடகைக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு இங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. அது வரும்வரை நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம்தான் எல்லாம். வைப்புத்தொகை எத்தனை நாளில் திரும்ப வரும் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். குடிபுகும் நாளன்றே சுவர் விரிசல், மெத்தைக் கறை, மீட்டர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.