வாத்துக் கொட்டகை: பழைய பலகையா, பழைய தகரமா?

வீட்டுத் தேவைக்கு ஆறு வாத்துகள் வளர்ப்பவர், ஒரு வாத்துக்குச் சுமார் 4 சதுர அடி என்ற கணக்கில் 24 சதுர அடியில் இரவுக் கொட்டகை அமைத்தால் போதும். அதற்கான பொருள் பழைய சாமான் கடையிலேயே கிடைத்துவிடும்: சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளைப் பிரித்தெடுத்த பலகை, அல்லது கூரையிலிருந்து கழற்றிய தகரம்.

வாத்து, கோழியைப் போல உயரத்தில் ஏறி அடையாமல் தரையிலேயே படுப்பதாலும், அதன் எச்சத்தில் நீர் மிகுதி என்பதாலும், உள்ளே ஈரம் தேங்குவதே முதன்மையான சிக்கல். பலகைச் சுவர் தகரத்தைப் போல வெயிலில் கொதிப்பதில்லை. அதன் மேற்பகுதியில் இடைவெளி விட்டு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்தால் ஈரக்காற்று வெளியேறும், கீரியும் நுழையாது. ஆனால் மண்ணைத் தொடும் பலகையைக் கறையான் விடாது. செங்கல்மேல் நிறுத்துவது கட்டாயம். மரத்தட்டில் ‘எச்.டி.’ (HT) முத்திரை இருந்தால் அது வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டது, ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை ஏற்றப்பட்டது, அதைத் தொடவே வேண்டாம்.

தகரம் மழைக்கு உறுதியானது, கழுவவும் எளிது. எனினும் சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். பனிக்கால இரவில் உட்புறம் நீர் கோத்துச் சொட்டி வைக்கோலை நனைக்கும். வெட்டிய விளிம்பை மடிக்காவிட்டால் வாத்தின் காலைக் கிழித்துவிடும். ஆகவே சுவருக்குப் பலகையும், கூரைக்கு மட்டும் தகரமும், அதன்மேல் தென்னங்கீற்றும் என்பதே என் தேர்வு. பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு இலவசமாகக் கிடைத்தாலும் வாங்கி அறுக்கக் கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.