கைக்கு வந்த ஸ்டாம்ப் ஆல்பம்: பிரிப்பதா, அப்படியே விடுவதா?

என் பெரியப்பா விட்டுப்போனதில் இரண்டு ஆல்பமும் ஒரு செருப்புப் பெட்டியும் எனக்கு வந்தன. ஆல்பத்தில் ஸ்டாம்புகள், பெட்டியில் ரப்பர் பேண்ட் போட்ட உறைகள். சேகரிப்பில் எனக்கு அதற்கு முன் ஆர்வம் இருந்ததில்லை. யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு யோசனை: பிரித்து அடுக்கு, தொடாதே, விற்றுவிடு, தண்ணீரில் போட்டுக் கழற்று.

இந்த யோசனைகளை எதிரெதிரே வைத்துப் பார்க்க நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். பிறகு மனம் மாறினால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? முடியும் என்றால் தாராளமாகச் செய்யலாம். முடியாது என்றால் ஆறு மாதம் தள்ளிப்போடலாம், ஒன்றும் குடிமுழுகாது.

பழைய ஆல்பமா, ஸ்டாக்புக்கா?

அச்சடித்த பழைய ஆல்பத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் பக்கம் இருக்கும், ஸ்டாம்புக்குக் கட்டம் இருக்கும். அதை அப்படியே விட ஒரு நல்ல காரணம் உண்டு. சேகரித்தவர் எந்த வரிசையில் வைத்தார், ஓரத்தில் பென்சிலில் என்ன எண் எழுதினார், எந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார் என்பதெல்லாம் தகவல். ஸ்டாம்பை உருவி எடுத்த நிமிடமே அது போய்விடும்.

ஆனால் ஆல்பத்துக்கும் கேடுகள் உண்டு. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால், பக்கம் புரட்டும்போது ஒன்றின் பல் (ஓரத்துத் துளைவெட்டு) இன்னொன்றில் மாட்டிக் கிழியும். மட்டமான தாள் பழுத்து ஸ்டாம்பையும் பழுப்பாக்கும். ஆல்பங்களைப் படுக்கவைத்து அடுக்கியிருந்தால், ஈரக் காற்றில் பசை இளகிப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டாக்புக் என்பது பக்கங்களில் வரிசையாகப் பட்டைகள் வைத்த வெற்றுப் புத்தகம். அதில் பசையே கிடையாது. பட்டைகளுக்குள் செருகினால் போதும், நூறு முறை வேண்டுமானாலும் இடம் மாற்றலாம். என் அளவுகோலுக்கு அதுதான் பொருந்துகிறது. ஒரே எச்சரிக்கை, பட்டை எதனால் ஆனது என்று பாருங்கள். பாலியெஸ்டர், கிளாசின் தாள் (மெல்லிய, வழுவழுப்பான, ஒளி கசியும் தாள்) இரண்டும் சரி. வளவளவென்று பிளாஸ்டிக் வாசனை அடிக்கும் பி.வி.சி. உறைகள் வேண்டாம். அதை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம் கசிந்து வண்ணத்தைக் கெடுக்கும்.

நான் நடுவழியைப் பிடித்தேன். முதலில் எல்லாப் பக்கங்களையும் பென்சில் குறிப்பு தெரியும்படி போனில் படமெடுத்தேன். கிழியும் நிலையில் இருந்தவற்றை மட்டும் ஸ்டாக்புக்குக்கு மாற்றினேன். மற்ற பக்கங்களுக்கு இடையே கிளாசின் தாள் செருகி, ஆல்பங்களை நிறுத்தி வைத்தேன். எடுக்கும்போது விரல் வேண்டாம், எண்ணெய்ப்பசை படும். முனை தட்டையான ஸ்டாம்ப் இடுக்கி வேண்டும். புருவம் திருத்தும் இடுக்கி ஆகாது, குத்திவிடும்.

பழைய ஹிஞ்சை உரிப்பதா?

ஹிஞ்ச் என்பது ஸ்டாம்பின் முதுகில் ஒட்டும் சின்ன மடிப்புத் தாள். ஒரு காலத்தில் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். இன்று, முத்திரை விழாத ஸ்டாம்பின் பசையில் ஹிஞ்ச் தடமே இல்லை என்றால் மதிப்பு கூடுதல். இதைக் கேள்விப்பட்டதும் புதிதாக வருபவர்கள் உரிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். உரித்தாலும் பசை திரும்பாது. மாறாக, ஸ்டாம்பின் தாளும் ஒரு படலம் கழன்று மெல்லிசாகிவிடும், அது பெரிய குறை. தானாகக் கழன்றால் சரி, இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

உறையிலிருந்து கழற்றுவதா, உறையோடு வைப்பதா?

இதில்தான் நான் சூடுபட்டேன். முத்திரை விழுந்த ஸ்டாம்புகளை உறைத்துண்டோடு வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டால் பசை கரைந்து தாள் கழலும். அப்புறம் உறிஞ்சுதாளில் முகம் கீழாகக் காயவைத்து, கனமான புத்தகத்துக்கடியில் வைக்க வேண்டும். முறை எளிதுதான். ஆனால் கூட்டத்தில் ஒரு பச்சை உறைத்துண்டு இருந்ததை நான் கவனிக்கவில்லை. கிண்ணமே பச்சையாகி, பத்து ஸ்டாம்புகளுக்குச் சாயம் ஏறிவிட்டது. சிவப்பு, பச்சை உறைகளைத் தனியே போட வேண்டும் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஸ்டாம்பே சாயம் விடும் சந்தர்ப்பமும் உண்டு. 1880களில் பிரிட்டன் வெளியிட்ட ஊதா, பச்சை ஸ்டாம்புகளை, முத்திரையைக் கழுவி மறுபடி பயன்படுத்த முடியாதபடி, நீர் பட்டால் கரையும் மையில் வேண்டுமென்றே அச்சடித்தார்கள். இன்னொரு பக்கம், இன்றைய ஸ்டிக்கர் வகைகள் பல தண்ணீரில் கழலுவதே இல்லை. அவற்றைச் சுற்றிலும் கொஞ்சம் தாள் விட்டு வெட்டி வைப்பதே வழி.

முழு உறையாக இருந்தால் நீரும் வேண்டாம், கத்தரியும் வேண்டாம். எந்த ஊர் முத்திரை, எந்தத் தேதி, எவ்வளவு கட்டணம், போர்க்காலத் தணிக்கைப் பட்டை உண்டா என்பதெல்லாம் உறையில்தான் இருக்கிறது. 1923-இல் ஜெர்மனியில் பணவீக்கம் வெறிபிடித்து ஏறியபோது வந்த ஸ்டாம்புகள் இதற்கு நல்ல உதாரணம். முகமதிப்பு கோடிக்கணக்கான மார்க். முத்திரை விழாதவை இன்றும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பலவற்றில் உண்மையான முத்திரை விழுந்ததுதான் அரிது, அதனாலேயே போலி முத்திரைகளும் உண்டு. உறையோடு இருந்தால் அசல் என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும். வெட்டிவிட்டால் அது போச்சு.

கேட்டலாக்கா, போனா?

எந்த நாடு என்று தெரியாமல் முழிக்கும்போது போன் உதவும். ஹெல்வேஷியா என்றால் சுவிட்சர்லாந்து, சுவோமி என்றால் பின்லாந்து, மாகியர் போஸ்டா என்றால் ஹங்கேரி. நாட்டின் பெயரே இல்லாமல் ராஜா ராணி தலை மட்டும் இருந்தால் அநேகமாக பிரிட்டன். 1840-இல் உலகின் முதல் ஸ்டாம்பை வெளியிட்ட நாடு என்பதால் அதற்கு அந்தச் சலுகை.

போன் தோற்கும் இடம் ஒன்று உண்டு. படம் ஒன்றே, ஸ்டாம்ப் இரண்டு. ஒன்றுக்கு இரண்டு சென்டிமீட்டரில் 14 பல், இன்னொன்றுக்கு 12. அல்லது ஒன்றின் தாளில் வாட்டர்மார்க் (தாளுக்குள்ளேயே பதிந்த மங்கலான குறி) உண்டு, மற்றதில் இல்லை. ஒன்று சாதாரணம், மற்றது அரிது என்றும் இருக்கலாம். பல்லை எண்ண அதற்கான அளவுகோல் அட்டை இருக்கிறது. வாட்டர்மார்க்கைப் பார்க்க, கறுப்புத் தட்டில் ஸ்டாம்பைக் கவிழ்த்து சில துளி பெட்ரோலியம் பென்சைன் விடுவார்கள் (நச்சான பென்சீன் அல்ல, பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று). எளிதில் தீப்பற்றும் பொருள், எனவே ஜன்னலைத் திறந்துவையுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம். இந்த வேறுபாடுகளைச் சொல்பவை ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட், மிஷெல், ஈவேர் போன்ற கேட்டலாக்குகள், அதாவது ஸ்டாம்புகளை எண்ணும் விலையும் போட்டுப் பட்டியலிடும் புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் வரிசை வேறு. எண்ணை எழுதும்போது எந்தக் கேட்டலாக் என்றும் எழுதிவிடுங்கள். வாங்கவே வேண்டும் என்பதில்லை, நூலகத்தில் இருக்கும் பழைய பதிப்பே அடையாளம் காணப் போதும்.

விற்பதா, வைத்துக்கொள்வதா?

கேட்டலாக் விலையைக் கூட்டிப் பார்த்து மனக்கோட்டை கட்டாதீர்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு ஸ்டாம்பை வியாபாரி விற்கும்போது கேட்கும் விலையைத்தான் பெரும்பாலும் கேட்டலாக் காட்டுகிறது. அவர் உங்களிடம் வாங்கும் விலை அதில் சிறு பங்கு. பழையது என்பதாலேயே அரிதும் ஆகிவிடாது. முதல் ஸ்டாம்பான பென்னி பிளாக்கையே ஆறு கோடிக்கும் மேல் அச்சடித்தார்கள். 1960களின் கடைசியில் அஜ்மான், ஃபுஜைரா போன்ற வளைகுடா எமிரேட்டுகளின் பெயரில் வந்த பளபள வண்ண ஸ்டாம்புகள், முத்திரையோடே அச்சடித்து சேகரிப்பாளருக்காகவே விற்றவை. குழந்தைகளுக்குப் பிடிக்கும், வியாபாரிக்குப் பிடிக்காது.

விற்பது என்று முடிவானால் மொத்தமாகவா, பொறுக்கியா? நல்லதை மட்டும் முதலில் பொறுக்கி விற்றால் மிச்சத்தைச் சீந்த ஆளிருக்காது. மொத்தமாகக் கொடுத்தால், உள்ளே இருக்கும் ஒரே ஒரு நல்ல உறை யாருக்கோ இனாமாகப் போகும். மதிப்புச் சொல்பவரே வாங்குபவராகவும் இருக்கிற இடத்தில் முதல் நாளே கைமாற்றாமல் இன்னும் இரண்டு பேரிடம் கேட்பேன்.

உலகமா, ஒரு நாடா, ஒரு தலைப்பா?

தொடர்ந்து சேகரிப்பதானால் உலகம் முழுக்க என்பது முடிவே இல்லாத வேலை. பறவை, ரயில் என்று தலைப்பு வைப்பது சுலபம், ஆனால் கையில் இருப்பதில் பாதி ஒதுங்கிவிடும். நான் பெரியப்பா பென்சிலில் அதிகம் எழுதியிருந்த நாட்டை எடுத்துக்கொண்டேன். அது ஹங்கேரி. அங்கே பல வரிசைகளைப் பல்லோடும் பல் இல்லாமலும் இரண்டு விதமாக வெளியிட்டிருக்கிறார்கள். 1946 பக்கத்தில் ஒரு கட்டம் காலி, அதன் அருகே கேள்விக்குறி. அங்கிருந்து தொடங்கியிருக்கிறேன்.