கிளட்ச் வேலை: பிளேட் மட்டுமா, முழு செட்டா?

"பிளேட் மட்டும் போட்டா போதும் சார், மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி என் பழைய ஆல்ட்டோவுக்கு வெறும் பிளேட் மட்டும் மாற்றினேன். நாலே மாதம். கிளட்சை மிதித்தால் கீச்சென்று ஒரு சத்தம், காலை எடுத்தால் நின்றுவிடும். ரிலீஸ் பேரிங், அதாவது பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கிற பேரிங், காலி. சில நூறு ரூபாய் சாமான்தான், ஆனால் அதைத் தொட மறுபடியும் கியர் ஆயிலை வடித்து, ஆக்சிலை உருவி, கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதே கூலி, இரண்டாம் தடவை.

அதிலிருந்து சாமானின் விலையை அப்புறம்தான் கேட்பேன். இதை மாற்ற கியர்பாக்ஸ் இறங்கணுமா, இதுதான் முதல் கேள்வி.

பிளேட் மட்டும் மாற்றுவது எப்போதுமே தப்பு என்று சொல்லவில்லை. போன வருஷம்தான் முழு செட் (பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்) போட்டிருந்து, ஆயில் பட்டு பிளேட் மட்டும் வீணானது என்றால் சரி. இல்லையென்றால் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பிளேட் ரிவெட் வரை தேய்ந்திருந்தால் வட்டம் வட்டமாகக் கோடு விழுந்திருக்கும், நகம் மாட்டும். நீலம் பாய்ந்த திட்டு இருந்தால் சூடேறியிருக்கிறது. அதன்மேல் புது பிளேட் வைத்தால் முகம் முழுக்கப் பதியாது, முதல் கியரில் கிளம்பும்போது வண்டி உதறும். விரல் விரலாக நிற்கும் ஸ்பிரிங்கின் நுனி, பேரிங் அழுத்துகிற இடத்தில் பள்ளமாகியிருந்தால் பேச்சே இல்லை, செட்தான். வாலியோ, லுக், எக்ஸெடி கம்பெனிகள் எல்லாமே செட்டின் மூன்றையும் ஒரே பெட்டியில் தருகிறார்கள். கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் கிளட்ச் வண்டிகள் சிலவற்றில் பேரிங்கும் அதைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டரும் ஒன்றாக உள்ளேயே உட்கார்ந்திருக்கும். விலை கடுப்படிக்கும், ஆனாலும் விடாதீர்கள், அது ஒழுகினாலும் கியர்பாக்ஸ் இறங்கியே ஆகணும்.

செட்டுக்கு மேலே போவதா என்பதில்தான் நான் கொஞ்சம் நிதானிப்பேன். பிளேட் உரசுகிற இன்ஜின் பக்கத்துச் சக்கரமான பிளைவீலில் லேசான கோடு என்றால் லேத்தில் கொடுத்து முகம் எடுத்தால் போதும், ஆழமாக விரிசல் விட்டிருந்தால் புதுசு. ஸ்கோடா லாரா மாதிரி டீசல்களில் வரும், நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாக இருக்கும் டூயல் மாஸ் பிளைவீலை லேத்துக்கு அனுப்பாதீர்கள், அதில் ஆட்டம் அளவுக்கு மீறினால் மாற்றுவதுதான் வழி. இன்ஜின் ஆயில் கிளட்ச் பக்கம் ஒழுகாமல் தடுக்கும் கிராங்க் ஆயில் சீல் மலிவு. கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் ஈரம் தெரிந்தால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள், கந்தக நெடி அடித்தால் கியர்பாக்ஸ் பக்கத்து சீல், இல்லையென்றால் பெரும்பாலும் கிராங்க் சீல். எது ஒழுகினாலும் புது பிளேட்டை நனைத்துவிடும்.

கிளட்ச் கேபிளையும் சேர்த்து பில் போடுவார்கள். அது வெளியே இருக்கிற சாமான், பெடல் இறுகாமல் இருந்தால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

கியர்பாக்ஸ் தரையில் கிடக்கும்போது நேரில் போய் நில்லுங்கள். பழைய சாமானைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். புது பிளேட்டில் பிளைவீல் பக்கம் எது என்று அச்சடித்திருப்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், திருப்பிப் போட்டுவிட்டால் கிளட்ச் சரியாக விடாது, கியர் விழாது, கியர்பாக்ஸ் அன்று சாயங்காலமே மறுபடி கீழே வரும்.