மலாகா விமான நிலையத்தில் கார் வாடகைக்கு எடுத்து 640 யூரோ போச்சு: ஸ்பெயின் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்று காலை கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வந்தது. 640 யூரோ. நம் பணத்தில் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். அந்தக் காருக்கு மொத்த வாடகையே 130 யூரோதான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எதையெல்லாம் பார்த்து எடுக்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மலாகாவில் இறங்கி கிரனாடா, ரோந்தா, வழியில் இருக்கும் மலைக் கிராமங்கள் எல்லாம் பார்ப்பதாகத் திட்டம். அப்பா அம்மாவும் கூட வந்ததால் பஸ் மாறி மாறிப் போவது சரிப்படாது. வாடகைகளை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு தளத்தில் பதிவு செய்தேன். பணம் கட்டும் பக்கத்தில் ‘முழுப் பாதுகாப்பு’ என்று ஒரு காப்பீடும் இருந்தது. அதற்கும் தனியாக 50 யூரோ கட்டினேன். வாடகைக் கடை டெர்மினலுக்குள் இல்லை. வேனில் ஏற்றி வெளியே ஒரு யார்டுக்குக் கூட்டிப்போகிற வகை.

எல்லோரும் பயமுறுத்திய சர்வதேச லைசென்ஸ் விஷயத்தில் ஒரு சிக்கலும் வரவில்லை. ஆர்டிஓ ஆபீசில் 1,000 ரூபாய் கட்டி வாங்கியதைக் காட்டினேன், ஒத்துக்கொண்டார்கள். பிரச்சினை அதற்கு அப்புறம்தான்.

இரவு பதினொன்று தாண்டிவிட்டது. அம்மா முழங்கால் வலியோடு பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண், “நீங்கள் வாங்கிய காப்பீடு இங்கே செல்லாது. எங்களுடையது ஒரு நாளைக்கு 32 யூரோ. வேண்டாம் என்றால் சேதத்துக்கு ஈடாகக் கார்டில் 1,200 யூரோ பிளாக் செய்து வைப்போம்” என்றாள். ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? பிளாக் செய்யச் சொன்னேன்.

யார்டில் வெளிச்சம் போதாது. போன் டார்ச்சை அடித்து காரைச் சுற்றி வீடியோ எடுத்தேன். முன்பக்கம் இடது சக்கரத்தில், ரிம்மின் ஓரத்தில், விரல் நகம் நீளத்துக்கு ஒரு கீறல். பெயின்ட் போய் உள்ளே அலுமினியம் பளபளத்தது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். “இதையெல்லாம் நாங்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை” என்றாள். படிவத்தில் குறித்துக் கொடுங்கள் என்றேன். “சிஸ்டத்தில் போட்டுவிடுகிறேன். பாவம், அம்மா களைத்துப்போயிருக்கிறார், முதலில் அவரைக் கூட்டிப்போய்ப் படுக்க வையுங்கள்” என்றாள். அம்மாவுக்காக இப்படி அக்கறையாகப் பேசுகிறவளை யார் சந்தேகப்படுவார்கள்? டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

திருப்பிக் கொடுக்கும்போது வேறொரு ஆள். கதவு, பம்பர், கண்ணாடி எதையும் பார்க்கவில்லை. நேராக அந்த இடது சக்கரத்துக்குத்தான் போனான்! இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. “புதிய சேதம்” என்றான். வீடியோவைக் காட்டினேன், படிவத்தில் இல்லாதது செல்லாது என்றான். லேமினேட் செய்த ஒரு விலைப்பட்டியலை எடுத்து நீட்டினான். ரிம் 480, டயர் 100, நிர்வாகக் கட்டணம் 60. ஆக 640 யூரோ. ரிம்மில் கீறலுக்கு டயரை ஏன் மாற்ற வேண்டும்? “பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது.” எங்களுக்கு விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

ஊருக்கு வந்ததிலிருந்து அலைக்கழிப்புதான். வாடகைக் கடைக்கு மெயில் போட்டால், “நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி” என்று ஆரம்பிக்கும் ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது. பதிவு செய்த தளமோ நாங்கள் இடைத்தரகர்தான், கடையிடம் பேசுங்கள் என்கிறது. அவர்களே விற்ற காப்பீட்டில் கேட்டேன். அது முதலில் நாம் கட்டிவிட்டு அப்புறம் திரும்பக் கேட்கிற வகையாம். அதற்குப் பழுது பார்த்த பில் வேண்டுமாம். கடை பில் தர மறுக்கிறது, பட்டியல் விலைதான் என்கிறது. பழுதே பார்க்காமல் பில் எங்கிருந்து வரும்? அடுத்து நாலு பேர் தலையிலும் இதே கீறலைத்தான் கட்டுவார்கள். வங்கியில் கேட்டால், பிளாக் செய்யும்போது நீங்கள்தானே பின் நம்பர் போட்டீர்கள் என்கிறார்கள். ஐரோப்பிய நுகர்வோர் மையம் என்று ஒன்று இருக்கிறது. அது அங்கே வசிப்பவர்களுக்குத்தான். சுற்றுலாவுக்குப் போன நமக்குக் கதவு மூடியிருக்கிறது.

2017-லேயே ஐரோப்பிய ஆணையம் தலையிட்டு, ஐந்து பெரிய வாடகை நிறுவனங்கள் விலை, காப்பீடு, சேதக் கட்டணம் எல்லாவற்றிலும் ஒளிவுமறைவில்லாமல் நடப்பதாக ஒப்புக்கொண்டன. அந்த அளவுக்கு இது அங்கே பழைய வியாதி. யார்டு வைத்து நடத்துகிற சின்னக் கடைகளை யார் கேட்பது?

நிறைய எழுத நினைத்தேன். வங்கிக்கு இன்னொரு கடிதம் போட வேண்டியிருக்கிறது, அதனால் அவசரமானதை மட்டும் சொல்கிறேன். காப்பீட்டில் ‘எக்ஸஸ்’ என்று ஒரு தொகை இருக்கும். அது 1,200 யூரோ என்றால் அந்தத் தொகை வரைக்கும் எந்தச் சேதமும் நம் தலையில்தான். பதிவு செய்யும் முன்பே அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். டயர், ரிம், கண்ணாடி, காரின் அடிப்பாகம் எல்லாம் அடிப்படைக் காப்பீட்டில் பெரும்பாலும் வராது. கீறல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் படிவத்தில் ஏறாமல் சாவியை வாங்காதீர்கள், வாய்வார்த்தை வேண்டவே வேண்டாம். தகராறு வந்தால் ‘ஓகா தே ரெக்லமாசியோனெஸ்’ என்று கேளுங்கள். அது புகார்ப் படிவம், ஸ்பெயினில் கடைகள் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். அங்கேயே எழுதி நகலை வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் மூன்று மணி நேரமாவது கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள்.