வெல்டு தாங்குகிறது, சீல்தான் தாங்கவில்லை

பின் ஹவுசிங்கில் (பின் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாஃப்ட் உள்ளே ஓடுகிற இரும்புக் குழாய்) வெல்டு வைத்த ஜீப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று கடையத்து நண்பர் கேட்கிறார். "உம்ம வண்டியிலயும் வச்சிருக்கீருல்லா, எப்படி இருக்குவே?" போனில் பதில் சொன்னால் பாதி வசவாகப் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

என்னுடையது நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங்குக்குப் பட்டை. களக்காட்டுப் பக்கம் வாழைத் தார் ஏற்றிக்கொண்டு கால்வாய்க்கரையில் வரும், பச்சையாற்றில் இறங்கி ஏறும். மற்றதெல்லாம் இந்த ரக வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. எங்கள் பக்கம் வாய்க்கால் உடைந்து, வயலுக்குப் போகிற பாதை முழுக்க உருண்டைக் கல்லாகிவிட்டது. லோடோடு அதில் ஓடி ஓடி, ரிவர்ஸ் போட்டால் பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மெக்கானிக் சுழல்தண்டு ஜாயிண்டின் கிராஸை மாற்றினார், போகவில்லை. பட்டையை ஹவுசிங்கோடு பிடிக்கிற யூ போல்ட்டை இறுக்கினார், ஒரு வாரத்தில் மறுபடி லூஸ். கடைசியில் டீசல் ஊற்றிக் கழுவிப் பார்த்தால், வலது பக்கம் பட்டை உட்காரும் சீட்டின் ஓரத்தில், கம்பெனி வெல்டு முடிகிற இடத்தில் விரிசல். அங்கிருந்து குழாய்க்குள்ளும் இறங்கி, ஆயில் கசிந்துகொண்டிருந்தது.

விரிந்தால் அங்கேதான் விரியும். சக்கரம் முன்னால் உருள உருள, ஹவுசிங் பின்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். இந்த மாதிரி பட்டை வண்டியில் அதைத் திரும்பவிடாமல் பிடித்திருப்பது பட்டையும் யூ போல்ட்டும் அந்தச் சீட்டும்தான். லோ கியரில் கல் ஏறும்போது வருகிற முறுக்கு, லோடு, குழியில் விழும் அடி எல்லாம் விரற்கடை அகல வெல்டில் வந்து நிற்கும்.

முதலில் ரோட்டோரப் பட்டறை ஒன்றில் விட்டேன். யாரென்று சொல்லப் போவதில்லை. துருவுக்கும் ஆயிலுக்கும் மேலேயே சாதா 6013 வெல்டிங் ராடை ஓட்டிவிட்டார். பேட்டரி ஒயரைக் கழற்றவில்லை. வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பை முன் பம்பரில் மாட்டியிருந்தார். அப்படி மாட்டினால் கரண்ட் பட்டை, பேரிங் என்று கண்ட வழியில் புகுந்து திரும்பும்; பேரிங் குண்டில் பொறி அடித்துக் குழி விழும். வெல்டு செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே எர்த் பிடிக்க வேண்டும் என்பது பாலபாடம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த தார் வெட்டுக்குள் அதே இடத்தில் பிளந்துகொண்டது.

இரண்டாவதாகக் கொண்டுபோனது திருநெல்வேலியில் லாரி சேஸ் வேலை பார்க்கிற ஒரு பெரியவரிடம். வேலை என்றால் அதுதான் வேலை. ஆக்ஸில் ஷாஃப்ட்டை இரண்டு பக்கமும் உருவி, ஆயிலை வடித்து, பழைய வெல்டை முழுசாகக் கிரைண்டரில் எடுத்தார். விரிசல் முடிகிற இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டார். அதற்கு மேல் விரிசல் ஓடாது. பிறகு 'வி' மாதிரி வாய் வெட்டி, கேஸ் வைத்துச் சூடாக்கி, உள்ளே ஊறியிருந்த ஆயில் புகைந்து தீருகிறவரை காத்திருந்தார். ராடு 7018, அதுவும் பெட்டியில் சூடாக வைத்திருந்தது. "இந்த ராடு ஈரத்தக் குடிச்சிரும் அண்ணாச்சி. ஈரம் வெல்டுக்குள்ள போனா இன்னைக்கு ஒட்டும், நாளைக்கு உள்ளேருந்து வெடிக்கும்" என்றார். ராடு எண்ணில் முதலில் வரும் 60, 70 என்பது இழுவைத் தாங்குதிறன், சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டுக் கணக்கில். ஆனால் இங்கே வித்தியாசம் அந்த எண்ணில் இல்லை. ஈரத்திலிருந்து வெல்டுக்குள் புகும் ஹைட்ரஜன் குறைவான ராடு என்பதால், அடி விழுந்தாலும் விரியாமல் வளைந்துகொடுக்கும். அதில்தான் விஷயம்.

ஒரேயடியாக ஓட்டவும் இல்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், ஆறவிட்டு எதிர்ப்பக்கம் கொஞ்சம். ஒரு பக்கமே சூடேறினால் ஆறும்போது குழாயை அந்தப் பக்கம் இழுத்துவிடும். தண்ணீர் ஊற்றி ஆறவைக்கவா என்று கேட்ட பையனுக்கு நல்ல திட்டு விழுந்தது.

அந்த வெல்டு இன்றுவரை அசையவில்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் கழுவிப் பார்க்கிறேன், மயிரிழைக் கோடுகூட இல்லை. யூ போல்ட் லூஸ் ஆவதில்லை. 'டொக்' போயே போய்விட்டது. அந்த ஒரு இடத்தில் கம்பெனியை விட இவர் வேலை உசத்தி.

ஆனால் ஹவுசிங் ஆயில் பிரேக் டிரம்முக்குள் வராமல் அடைக்கிற இந்த வலது பக்க ஆயில் சீல் இருக்கிறதே, சவம்! மாற்றிக் கொஞ்ச நாள் காய்ந்திருக்கும். பிறகு டிரம்முக்குள் கியர் ஆயில் நாற்றம். பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கும், ஏனென்றால் வலது பிரேக் லைனர் ஆயிலில் ஊறிக் கிடக்கும். அதே சக்கரத்தில் டயரின் உள்பக்கம் மட்டும் தேய்கிறது. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் குழாய் வளைந்திருக்கிறது. லேத்காரர் அளந்து, "ஒரு நூல்கூட இருக்காது" என்கிறார். அந்த அரை நூல் போதாதா, ஷாஃப்ட்டைச் சீலின் நடுவில் நிற்கவிடாமல் ஒரு பக்கமாக உரசவைக்க? பெரியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் பட்டறையில் ஏற்றிய சூடா, அவர் வைத்த சூடா, வெள்ளப் பாதையிலேயே வளைந்துவிட்டதா, யார் கண்டது. வெல்டு உடைந்திருந்தால் திட்டுவதற்கு ஆளாவது கிடைத்திருக்கும்.

ஆகவே நண்பருக்கு: வெல்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்வே. ஆசை விடவில்லையென்றால் வெல்டைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், பின் டயரைக் கையால் தடவிப் பாரும், இரண்டு டிரம்மையும் கழற்றச் சொல்லும். வளையாத பழைய ஹவுசிங் ஒன்று கிடைத்தால், வெல்டுக்கு ஆகிற கூலி, சீல், லைனர், டயர் எல்லாம் கூட்டிப் பார்க்கையில் அதுவே மலிவு. ஸ்டியரிங் ராடில் வெல்டு இருந்தால் விலையே பேச வேண்டாம். பட்டையில் வெல்டு வைத்திருந்தாலும் அப்படித்தான். பட்டை, பதம் போட்ட இரும்பு. சூடு பட்டால் பதம் போய், வெல்டுக்குப் பக்கத்திலேயே ஒடியும். பட்டை ஒடிந்தால் மாற்றத்தான் வேண்டும். நம்ம ஊரில் அதற்கும் ராடு ஓட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள்!

என் வண்டியை விற்பீரா என்று கேட்டால், மாட்டேன். அந்த வெல்டுக்காகவே மாட்டேன். வேறு ஹவுசிங் தேடச் சொல்லி வைத்திருக்கிறேன், கிடைத்தாலும் மாற்ற மனசு வருமா தெரியவில்லை. வனத்துறை அனுமதி வாங்கி மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து வரை ஒரு நடை போய்வரலாம் என்று வீட்டில் நச்சரிக்கிறார்கள். மணிமுத்தாறிலிருந்து ஏற்றமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏறும். இறக்கத்துக்குப் பிரேக் வேண்டுமே. சீல் மாற்றிய வாரமாகப் பார்த்துக் கூட்டிப்போக வேண்டும்.