எங்கள் பக்கத்து ஏ.ஆர்.டி. மையம்: ஆலோசகருக்காகவே போகலாம்

எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் இந்த மையத்துக்கு, மண்டபம் பக்கத்திலிருந்து அண்ணனுக்குத் துணையாகப் போய் வருகிறேன். மையத்தின் பெயர் வேண்டாம். மருந்து இலவசம்தான், 2004-லிருந்தே அரசு மையங்களில் அப்படி, ஒரு தடவைகூட மாத்திரை இல்லையென்று எங்களைத் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் நான் மனசாரப் பாராட்டுவது அங்கிருக்கும் ஆலோசகர் மேடத்தை.

"உடம்பில் வைரஸே தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, இன்னும் எதற்கு மாத்திரை?" என்று அண்ணன் கேட்டார். வேறு ஆளாக இருந்தால் திட்டி அனுப்பியிருப்பார்கள். மேடம் உட்காரவைத்து விளக்கினார். எச்.ஐ.வி. புகுந்த செல், உள்ளே உருவாகும் வைரஸ் புரதங்களை நறுக்கி, ஒன்பது பத்து அமினோ அமில நீளத் துண்டுகளை எச்.எல்.ஏ. என்கிற மூலக்கூறில் ஏற்றி வெளியே காட்டும், ஏலத்தில் பெட்டிக்கு மேலே நாலு மீனை எடுத்து வைப்பார்களே அந்த மாதிரி. சி.டி.8 என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அதைப் பார்த்து, வைரஸ் துண்டு என்று தெரிந்தால் அந்தச் செல்லையே கொன்றுவிடும். சி.டி.8 செல்கள் காக் என்ற வைரஸ் புரதத்தைக் குறிவைக்கும் ஆட்களுக்கு வைரஸ் அளவு பொதுவாகக் குறைவாம், காரணம் அந்தப் புரதத்தின் சில இடங்களை மாற்றித் தப்பினால் வைரஸுக்கே பலம் குறைந்துவிடும். எச்.எல்.ஏ. பி57, பி27 வகை பிறவியிலேயே உள்ள சிலருக்கு மாத்திரை இல்லாமலே வருஷக்கணக்கில் கட்டுக்குள் இருப்பதும் உண்டு.

சரி, மற்றவர்களுக்கு ஏன் முடியவில்லை? துண்டில் ஒரு அமினோ அமிலம் மாறினாலே சி.டி.8 ஏமாந்துபோகலாம். நெஃப் என்ற வைரஸ் புரதம் எச்.எல்.ஏ.-வில் பலவற்றை மேலே நிற்கவிடாமல் உள்ளே இழுத்துவிடும். சி.டி.8-க்குத் துணை நிற்கும் சி.டி.4 செல்களைத்தான் வைரஸ் அழிக்கவும் செய்கிறது. சில செல்களுக்குள் வைரஸ் புரதமே தயாரிக்காமல் தூங்கும், காட்ட துண்டே இல்லாததால் அது யார் கண்ணிலும் படாது, மாத்திரையை நிறுத்தினால் அங்கிருந்துதான் கிளம்பும். இதைக் கேட்டபின் அண்ணன் ஒரு வேளை மாத்திரையும் விடுவதில்லை.

குறையும் சொல்லியாக வேண்டும். வராண்டாவில் மற்ற நோயாளிகளுக்கு நடுவே வரிசை, பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். ரகசியம் காக்கச் சொல்லி 2017-லேயே சட்டம் போட்டாயிற்று, டோக்கன் நம்பரைக் கூப்பிட்டால் போதுமே! அப்புறம், படகு கடலுக்குப் போகும் நாளில் தேதி கொடுத்தால் தொழிலாளி எப்படி வருவான்? தேதி குறிக்கும்போதே சொல்லுங்கள், மாற்றித் தருகிறார்கள். மேடத்திடம் நிதானமாகப் பேச கூட்டம் கலைந்த பிறகு போங்கள். நேரில் போகத் தயக்கமென்றால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கூப்பிடலாம், காசு கிடையாது.