யு.கே.: நால்வர் அணியா, மூவர் அணியா?

பிரிட்டிஷ் ராக் பேண்டான யு.கே.வின் 1978-இல் வந்த முதல் ஆல்பத்தையும் அடுத்த வருடம் வந்த ‘டேஞ்சர் மணி’யையும் அடுத்தடுத்துக் கேட்டால், இது ஒரே பேண்டுதானா என்று சந்தேகம் வரும். இரண்டிலும் இருப்பவர்கள் பேஸ் வாசித்துப் பாடும் ஜான் வெட்டனும், கீபோர்டும் வயலினும் வாசிக்கும் எடி ஜாப்சனும் மட்டுமே.

முதல் அணியில் கிட்டாருக்கு ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த், டிரம்ஸுக்கு பில் புரூஃபோர்ட். புரூஃபோர்டும் வெட்டனும் அதற்கு முன் கிங் கிரிம்சன் பேண்டில் சேர்ந்து வாசித்தவர்கள். ‘இன் தி டெட் ஆஃப் நைட்’ ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் போகிறது. வெட்டன் பாடும் சரளத்தில் அது உறைப்பதே இல்லை. நடுவில் ஹோல்ட்ஸ்வொர்த்தின் சோலோ. ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிக்கால் (தந்தியைத் தட்டும் சின்னத் தகடு) தட்டாமல், இடக்கை விரல்களின் அழுத்தத்திலேயே வழுக்கிக்கொண்டு போகிறார். கண்ணை மூடிக் கேட்டால் சாக்ஸபோனோ என்று தோன்றும். ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் இவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியதில் ஆச்சரியமே இல்லை.

சிக்கலும் அங்கேதான். ஆல்பத்தில் வாசித்ததையே மேடையில் தினமும் ஒப்பிக்க ஹோல்ட்ஸ்வொர்த்துக்குப் பிடிக்காது. புரூஃபோர்டின் மனசும் ஜாஸ் பக்கம். வெட்டனுக்கு வேண்டியதோ நாலு பேர் முணுமுணுக்கிற பாட்டு. (அவர் கணக்கு தப்பில்லை: 1982-இல் அவருடைய அடுத்த பேண்டான ஏஷியாவின் ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.) ஒரே ஆல்பத்தோடு ஹோல்ட்ஸ்வொர்த்தும் புரூஃபோர்டும் விலக, ஹோல்ட்ஸ்வொர்த் புரூஃபோர்டின் சொந்த பேண்டிலேயே தொடர்ந்தார்.

அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவிடம் வாசித்த டெரி போஸியோ டிரம்ஸுக்கு வந்தார். கிட்டாருக்கு யாரையும் எடுக்கவில்லை. மொத்தச் சுமையும் ஜாப்சன் தலையில். ‘சீசர்ஸ் பேலஸ் ப்ளூஸ்’ பாட்டில் கிட்டார் உறும வேண்டிய இடத்தில் வயலின் உறுமுகிறது. நால்வரும் மேடையில் வாசித்துப் பார்த்த பாட்டுதான் இது, ஆனால் மூவருக்குத்தான் பொருந்தியது. போஸியோவின் அடியில் புரூஃபோர்டின் குறும்பு கிடையாது, வேகமும் பலமும் உண்டு. ‘ராண்டேவூ 6:02’-இல் வெட்டனின் குரல், என் காதுக்கு, இரண்டு ஆல்பத்திலும் அவர் பாடியதிலேயே சிறந்தது. மற்றபடி அந்த ஆல்பம் கொஞ்சம் விறைப்புதான்.

அந்த விறைப்பு மேடையில் காணாமல் போய்விடுகிறது. 1979-இல் டோக்கியோவில் பதிவான ‘நைட் ஆஃப்டர் நைட்’ கேட்டால் தெரியும். ஆனால் அதில் ‘இன் தி டெட் ஆஃப் நைட்’ வரும்போது ஹோல்ட்ஸ்வொர்த் இல்லாத ஓட்டை காதில் விழத்தான் செய்கிறது. பிறகு ஜாப்சனுக்கு நீளமான வாத்திய இசை, வெட்டனுக்குச் சின்னப் பாட்டு என்று பழைய தகராறே திரும்பி வந்து, 1980-இல் கடையை மூடிவிட்டார்கள்.

ஒன்றுதான் கேட்க நேரமென்றால் நால்வரின் ஆல்பம். மூவரையும் கேட்க ஆசையிருந்தால் ‘டேஞ்சர் மணி’க்கு முன்னால் டோக்கியோ கச்சேரியை எடுங்கள்.